இரண்டாவது காயில் சேர்த்ததும் வேகம் ஏன் குறைகிறது?

கேட்டவர் பொறியியல் மாணவர். வரிசையாக வைத்த மின்காந்தக் காயில்களால் இரும்புத் துண்டை முடுக்கி எறியும் கருவி ஒன்றைக் கட்டுகிறார். கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் குழாயின் மேல் 25 மி.மீ. நீளத்துக்கு 170 சுற்று செப்புக் கம்பி சுற்றியிருக்கிறார். 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 50 வோல்ட்டுக்கு சார்ஜ் செய்து, தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக அந்தக் காயிலில் விடுகிறார். உள்ளே இருக்கும் 6 மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீள இரும்புத் துண்டு நொடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. அச்சு அசலாக அதே மாதிரி இரண்டாவது காயிலையும் கெபாசிட்டரையும் அடுத்ததாக வைத்தால் வேகம் 7 மீட்டராகக் குறைகிறது. நான்கு காயில் வைத்து நான்கு மடங்கு வேகம் எடுப்பதுதான் அவர் திட்டம். எங்கே தப்பு, எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார்.

இரண்டாவது காயில் வேலை செய்யாமல் இல்லை. நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பாதி நேரம் எதிர்த்திசையில்.

இந்தக் கருவியில் காயில் இரும்பைத் தள்ளுவதில்லை, தன் நடுப்பகுதியை நோக்கி இழுக்க மட்டுமே செய்கிறது. துண்டு வாயில் நுழையும்போது இழுப்பு முன்னோக்கி இருக்கும். துண்டின் நடுவும் காயிலின் நடுவும் ஒன்றாகும் இடத்தில் விசை சுழியம். அதைத் தாண்டிய பிறகும் மின்னோட்டம் இருந்தால், கொடுத்த வேகத்தைக் காயில் திரும்ப வாங்கிக்கொள்ளும். பல காயில் வைக்கிற கருவியில் கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மின்னோட்டத்தை விடுவது சுலபம், சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் வேலை.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடலாம். 0.8 மி.மீ. கம்பியில் ஆறு அடுக்காக 170 சுற்று என்றால் கம்பி ஏறத்தாழ 7 மீட்டர், மின்தடை 0.23 ஓம், உள்ளே இரும்பு இல்லாதபோது இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு) சுமார் 125 மைக்ரோஹென்ரி. இதோடு 10,000 மைக்ரோஃபாரட் சேர்ந்தால், மின்னோட்டம் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 1.1 மில்லிசெகண்டு ஆகும். உச்சம் 150 ஆம்பியர் சுற்றுவட்டத்தில் இருக்கும். அதன் பிறகு மெதுவாகத்தான் இறங்கும். இரும்பு உள்ளே வர வர இண்டக்டன்ஸ் கூடுவதால் இன்னும் மெதுவாகவே இறங்கும்.

முதல் காயிலில் துண்டு நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறது. வாயிலிருந்து நடுவுக்குப் போக 25 மி.மீ. தூரம், சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்தால் 5 மில்லிசெகண்டு. அதற்குள் மின்னோட்டம் உச்சத்தில் ஏழில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அதனால்தான் உங்கள் முதல் காயில் நன்றாக இருக்கிறது.

அதே காயிலை இரண்டாவதாக வைத்துப் பாருங்கள். துண்டு ஏற்கெனவே 9.5 மீட்டர் வேகத்தில் வருகிறது. இழுப்பு அதிகமாக இருக்கும் இடம், துண்டு பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும் நிலை. அந்த நேரத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்படி நீங்கள் கச்சிதமாக விட்டாலும், அங்கிருந்து நடுவுக்கு 12.5 மி.மீ. தான். 1.3 மில்லிசெகண்டில் துண்டு நடுவைத் தொட்டுவிடும். அப்போது காயிலில் என்ன இருக்கிறது? உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. துண்டு வெளியே போகிற வழியெல்லாம் பின்னால் இழுபடுகிறது. நீங்கள் அளந்த 7 மீட்டர் இப்படி வந்ததுதான். முதல் காயிலுக்குச் சரியாக இருந்த அதே சுற்று, அதே கெபாசிட்டர், இரண்டாவதற்குத் தப்பாகிவிட்டது.

நான்கு மடங்கு ஆசையையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு காயிலும் ஒரே அளவு ஆற்றலைக் கொடுத்தால் ஆற்றல்தான் நான்கு மடங்காகும். வேகம் அதன் வர்க்கமூலம், ஆகவே இரண்டு மடங்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 9.5, 13.4, 16.5, 19 என்று ஏறும். பின்னால் வரும் காயில்களில் துண்டு தங்கும் நேரம் குறைவதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே வரும். நான்காவதில் 16 எட்டினால் அது நல்ல வேலை, தயங்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

இப்போது நிறுத்துகிற விஷயம். தைரிஸ்டரைத் திறந்துவிட்டால் மின்னோட்டம் தானாக வற்றும்வரை அது மூடாது. அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு காயிலுக்கும் கெபாசிட்டரையும் சுற்றையும் குறைத்து, மின்துடிப்பு துண்டு நடுவைத் தொடுவதற்குள் தானாக முடியும்படி அமைப்பது. செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காயிலையே பிரித்துச் சுற்ற வேண்டிவரும். நினைத்த நேரத்தில் மூடக்கூடிய மின்னணு சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுக்கோ ஐ.ஜி.பி.டி.க்கோ மாறிவிடுங்கள். நேரத்தை நிரலில் மாற்றினால் போதும். 200 வோல்ட் தாங்கக்கூடியதும், துடிப்பு மின்னோட்டமாக 200 ஆம்பியர் வரை போகக்கூடியதுமான மாஸ்ஃபெட் சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் கேட்டுக்கு (கட்டளை வாங்கும் முனைக்கு) ஆர்டுயினோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள். அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் 150 ஆம்பியரில் ஒரு தடவைகூடத் தாங்காது. 12 வோல்ட்டில் ஓடும் கேட் டிரைவர் ஐசி ஒன்றை நடுவில் வையுங்கள்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் மின்னோட்டம் நின்றுவிடாது. காயிலில் 140 ஆம்பியர் ஓடும்போது அதன் காந்தப்புலத்தில் 1.2 ஜூல் சேர்ந்திருக்கிறது. உங்கள் இரும்புத் துண்டு முதல் காயிலில் பெற்ற ஆற்றல் கால் ஜூல்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதற்கு ஒரு வழி விட வேண்டும். வழி விடாவிட்டால் அது மாஸ்ஃபெட்டை உடைத்துக்கொண்டு போகும். எல்லாரும் செய்வது, காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு. மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும், ஆனால் மின்னோட்டம் காயிலும் டயோடுமாகச் சுற்றிச் சுற்றி ஓடி, 0.5 மில்லிசெகண்டு காலமாறிலியில் (மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) மெதுவாகத் தேயும். ஓரளவு வற்ற மூன்று காலமாறிலி வேண்டும், அதாவது 1.5 மில்லிசெகண்டு. அதற்குள் துண்டு 15 மி.மீ. போய்விடும். பாதி நுழைந்த நிலையிலேயே நிறுத்தினாலும் நடுவைத் தாண்டும்போது மிச்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டயோடோடு தொடராக 0.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். தேயும் நேரம் மூன்றில் ஒரு பங்காகும், 5 மி.மீ. தூரத்துக்குள் மின்னோட்டம் அடங்கிவிடும். ஆனால் நிறுத்தும் கணத்தில் அந்த ரெசிஸ்டரில் 70 வோல்ட் எழும், அதோடு கெபாசிட்டரின் வோல்ட்டும் சேர்ந்து மாஸ்ஃபெட்டின் மேல் 120 வோல்ட் நிற்கும். 200 வோல்ட் மாஸ்ஃபெட் என்று முன்னால் சொன்னதற்கு இதுதான் காரணம். 60 வோல்ட் மாஸ்ஃபெட்டை வாங்கி வைத்துவிட்டு ஏன் வெடிக்கிறது என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இதைவிட அழகான வழி, ஒரு காயிலுக்கு இரண்டு மாஸ்ஃபெட்டும் இரண்டு டயோடும் போடுவது. காயிலின் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். இரண்டையும் ஒரே நேரத்தில் அணைத்தால், காயிலில் மிச்சமிருக்கும் மின்னோட்டம் டயோடுகள் வழியாகக் கெபாசிட்டருக்கே திரும்பிப் போகும். 0.3 மில்லிசெகண்டு அளவில் அடங்கிவிடும், வீணாக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியும் கைக்குத் திரும்பும். காயில்களை மாற்றி மாற்றித் திறந்து இரும்புச் சுழலியை இழுத்துச் சுற்றுகிற ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார்களை ஓட்டுகிற சுற்று இதேதான். உண்மையில் நீங்கள் கட்டுவது அந்த மோட்டாரை வெட்டி நேராக்கியது போன்ற ஒன்று. வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதைச் சொல்லுங்கள், கேட்பவருக்கு உடனே புரியும்.

அடுத்தது சென்சார். குழாயின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் போட்டோடிரான்சிஸ்டர், துண்டு குறுக்கே வந்தால் ஒளி மறையும். எளிமையானது, போதுமானது. காயிலின் வாயிலேயே சென்சாரை ஒட்டிவைத்து, மறைந்த உடனே சுடுவது பலர் செய்யும் அமைப்பு. உங்கள் இரண்டாவது காயிலுக்கு அது தற்செயலாகப் பொருந்தும்: 1.1 மில்லிசெகண்டு உச்சம், துண்டு அதற்குள் 10, 11 மி.மீ. நகரும், ஏறக்குறைய பாதி நுழைந்திருக்கும். மூன்றாவது, நான்காவது காயிலில் வேகம் கூடிவிடுவதால் அங்கே துண்டு வாய்க்கு வருவதற்கு முன்பே திறக்க வேண்டியிருக்கும். அதனால் எல்லாச் சென்சாரையும் வாய்க்கு 10 மி.மீ. முன்னால் வைத்துவிட்டு, எவ்வளவு தாமதித்துத் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற இரண்டு எண்களையும் மைக்ரோகண்ட்ரோலரிடம் விட்டுவிடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ இதற்குப் போதும். அதன் மைக்ரோசெகண்டு கடிகாரம் 4 மைக்ரோசெகண்டு படிகளில் நகர்கிறது. 20 மீட்டர் வேகத்தில் வரும் துண்டு அதற்குள் 0.08 மி.மீ. தான் போகும். ஆனால் சென்சாரை அனலாக் பின்னில் படிக்காதீர்கள். ஒரு அனலாக் வாசிப்புக்கு 100 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகும், 2 மி.மீ. அங்கேயே தொலைந்துவிடும். டிஜிட்டல் பின்னில், இன்டரப்ட் (சிக்னல் மாறியதும் நிரலை உடனே இடைமறிக்கும் வசதி) வழியாக வாங்குங்கள். போட்டோடிரான்சிஸ்டரின் லோடு ரெசிஸ்டரைப் பெரிதாக வைத்தால் சிக்னல் சோம்பிப்போகும். சில ஆயிரம் ஓமுக்குள் வைத்துவிட்டு எல்.இ.டி. வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வெயிலும் அறை விளக்கும் உள்ளே புகாதபடி சென்சார் பகுதியைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

இரண்டு கட்டத்தைத் தாண்டியதும் எல்லாருக்கும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. முதல் காயிலைச் சுட்டதும் நான்கு காயிலும் ஒரேயடியாகச் சுட்டுவிடும். நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 150 ஆம்பியர் ஒரு மில்லிசெகண்டில் எழும்போது பக்கத்திலிருக்கும் சென்சார் ஒயரில் தானாகவே வோல்ட்டேஜ் தூண்டப்படும். அதைத் துண்டு வந்துவிட்டது என்று மைக்ரோகண்ட்ரோலர் எடுத்துக்கொள்கிறது. கெபாசிட்டரிலிருந்து காயிலுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் குட்டையாக வைத்து ஒன்றோடொன்று முறுக்குங்கள். சென்சார் ஒயரை அதிலிருந்து விலக்கி, அதையும் முறுக்குங்கள். பவர் பக்கத்து கிரவுண்டும் மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேரட்டும். சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தும் ஆப்டோகப்ளர் வைத்து முழுதாகப் பிரித்துவிட்டால் இன்னும் நிம்மதி. நிரலிலும் ஒரு பூட்டு வையுங்கள்: முந்தைய சென்சார் மறைந்து குறைந்தது இவ்வளவு நேரம் ஆகாமல் அடுத்த சென்சாரை நம்பாதே என்று.

காயில் சுற்றுவதற்கு எனாமல் கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 21 கேஜ் என்று கேட்டால் 0.8 மி.மீ. கிடைக்கும். ஒரு காயிலுக்கு 33 கிராம் போதும், அரைக் கிலோ வாங்கினால் பத்துப் பதினைந்து காயில் சுற்றிப் பழகலாம். அடுக்குக்கு அடுக்கு மெல்லிய டேப் ஒரு சுற்று போட்டால் மேலடுக்கு கீழடுக்கில் புதையாது. பக்கத்துப் பக்கத்தில் வைக்கிற இரண்டு காயில்களுக்கு நடுவே 15 முதல் 20 மி.மீ. விடுங்கள்; ஒட்டிவைத்தால் ஒன்றின் புலம் இன்னொன்றில் மின்னோட்டத்தைத் தூண்டும். குழாய் பிளாஸ்டிக்கோ அக்ரிலிக்கோ இருக்கலாம். பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம். காயிலில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் குழாயிலேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆற்றலைத் தின்றுவிடும்.

பின்னால் வரும் காயில்களை வேறு மாதிரி சுற்ற வேண்டும். துண்டு 16 மீட்டர் வேகத்தில் 25 மி.மீ. காயிலை 1.6 மில்லிசெகண்டில் கடந்துவிடும், மின்னோட்டம் அதற்குள் எழுந்து அடங்க வேண்டும். இண்டக்டன்ஸ் சுற்றின் வர்க்கத்தோடு மாறுவதால், 170 சுற்றை 110 ஆக்கினாலே 125 மைக்ரோஹென்ரி 52 ஆகிவிடும். கெபாசிட்டரையும் 4,700 மைக்ரோஃபாரட்டாகக் குறைத்தால் உச்சம் அரை மில்லிசெகண்டில் வந்துவிடும். அதில் ஆற்றல் 12.5 ஜூலிலிருந்து 5.9 ஜூலுக்கு இறங்குகிறதே, அதை ஈடுகட்ட வோல்ட்டேஜை ஏற்றலாமா என்று அடுத்துத் தோன்றும். வேண்டாம். ஆபத்தை விடுங்கள், பொறியியல் கணக்கிலேயே அது வீண்.

காரணம், இரும்பு தெவிட்டிவிடுகிறது. இரும்பு ஏறத்தாழ 2 டெஸ்லாவுக்கு மேல் காந்தமாகாது. உங்கள் அளவிலான குட்டைத் துண்டை அந்த நிலைக்குக் கொண்டுவர வெளியிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான புலமே போதும். 150 ஆம்பியரில் உங்கள் காயிலுக்குள் ஏறக்குறைய 1 டெஸ்லா இருக்கிறது. அதாவது துண்டு எப்போதோ நிரம்பிவிட்டது. நிரம்பாத வரைக்கும் மின்னோட்டத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நிரம்பிய பிறகு இரட்டித்தால் விசை இரண்டு மடங்குதான் ஆகும், ஆனால் கம்பியில் வெப்பமாகும் இழப்பு நான்கு மடங்காகும். உங்கள் கருவியின் திறன் 2 சதவீதம் என்று வருவதற்கு இது பெரிய காரணம். 12.5 ஜூலில் கால் ஜூல் துண்டுக்குப் போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி செம்பைச் சூடாக்குகிறது. 33 கிராம் செம்பு ஒரு சுடுகைக்கு ஒரு டிகிரிகூடச் சூடாகாது என்பதால் கைக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் பாருங்கள். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் விசை பாதி, வெப்பம் கால். அதே வேலையை இரண்டு காயிலில் பிரித்துக் கொடுத்தால் மொத்த இழப்பு பாதியாகிவிடும். பல காயில் வைப்பதற்கு உண்மையான நியாயம் இதுதான். ஒவ்வொன்றும் முழுப் பலத்தோடு உதைப்பதற்காகப் பல காயில் வைப்பதில்லை; ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யட்டும் என்பதற்காக வைக்கிறோம். ஆகவே 5.9 ஜூல் காயிலைக் குறையாக நினைக்காதீர்கள். வோல்ட்டேஜ் 50 இலேயே நிற்கட்டும். வேகம் போதவில்லை என்றால் ஐந்தாவது, ஆறாவது காயிலைச் சேருங்கள்.

இந்த யோசனை புதிதல்ல. வடதுருவ ஒளியை ஆராய்ந்த நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட் 1901 இலேயே காயில்களை வரிசையாக வைத்து மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை கேட்டார். அரைக் கிலோ எடையை நொடிக்கு 50 மீட்டருக்கு முடுக்கியதாக அவர் எழுதியிருக்கிறார். அது 625 ஜூல். 1903 இல் கிறிஸ்டியானியா (இன்றைய ஆஸ்லோ) பல்கலைக்கழக மண்டபத்தில் பெரியவர்களையெல்லாம் கூட்டி வைத்துப் பெரிய பீரங்கியைச் செய்துகாட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பெரும் மின்வில் பீறிட்டது, கூட்டம் பயந்துவிட்டது. பீரங்கிக் கதை ஏறக்குறைய அதோடு முடிந்தது. ஆனால் அந்த வில்லை வைத்துக் காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கலாம் என்று அவரும் சாம் எய்தே என்ற பொறியாளரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். 1905 இல் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அதன்மேல் எழுந்ததுதான். பெரிய மின்னோட்டத்தை நம்பகமாகத் திறந்து மூடக்கூடிய சுவிட்ச் அவர் கையில் இல்லை. இன்றைக்கு ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு உங்களுக்குக் கிடைக்கிறது.

எழுபதுகளில் இதே கருத்து வேறொரு கனவோடு திரும்பி வந்தது. நிலவிலிருந்து தாதுமண்ணை விண்வெளிக்கு எறிய ஒரு முடுக்கி வேண்டும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் சொன்னார். 1977 இல் எம்.ஐ.டி.யில் ஹென்றி கோல்மும் அவரும் மாணவர்களை வைத்து முதல் மாதிரியைக் கட்டினார்கள். உங்களைப் போன்ற மாணவர்கள் செய்தது என்பதால்தான் சொல்கிறேன்.

அளப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளக்காமல் இந்தக் கருவியில் ஒரு அடிகூட முன்னேற முடியாது. கடைசிக் காயிலுக்கு அப்பால் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஒளிச் சென்சார்கள் வையுங்கள். முதலாவது மறைந்ததற்கும் இரண்டாவது மறைந்ததற்கும் இடையிலுள்ள நேரத்திலிருந்து வேகம் நேராக வந்துவிடும். முதலில் ஒரே காயிலை மட்டும் வைத்து, தொடர்ந்து பலமுறை சுட்டு, வேகம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். துண்டு கிளம்பும் இடம் ஒரு மி.மீ. முன்பின் ஆனாலே வேகம் மாறும். குழாயின் பின்பக்கம் ஒரு மரக்குச்சியை முட்டுக்கட்டையாக வைத்துத் துண்டு எப்போதும் ஒரே இடத்தில் உட்காரும்படி செய்யுங்கள். சுடுவதற்கு முன் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கட்டும்.

முதல் காயில் சீராக வந்த பிறகு அதைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாவதன் தாமதத்தை 0.1 மில்லிசெகண்டு படிகளில் நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த வேகத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். அதன் உச்சியில் தாமதத்தை நிறுத்திவிட்டு, திறந்திருக்கும் நேரத்தை இதேபோல் நகர்த்துங்கள். பிறகு தாமதத்துக்கு ஒரு முறை திரும்பி வாருங்கள், கொஞ்சம் இடம் மாறியிருக்கும். இரண்டாவது உட்கார்ந்த பிறகுதான் மூன்றாவது. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு ஒரேயடியாகச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் எட்டு எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சுற்றுவதற்கு முன்பே கணினியில் பார்த்துவிட விரும்பினால் டேவிட் மீக்கர் எழுதிய எஃப்.இ.எம்.எம். என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. காயிலையும் துண்டையும் வரைந்து, துண்டை ஒவ்வொரு மி.மீ. ஆக நகர்த்தி, எந்த இடத்தில் எவ்வளவு விசை என்று எடுக்கலாம். அந்த வரைபடம் கையில் இருந்தால் மேலே சொன்ன தெவிட்டல் விஷயத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

இனி ஆபத்து. கேமரா ஃபிளாஷிலிருந்து கெபாசிட்டரைப் பிடுங்கி இதைச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவை 300 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும். கைக்குக் கை பாய்ந்தால் இதயத்தின் வழியாகப் போகும். மைக்ரோவேவ் அடுப்பின் கெபாசிட்டரும் மின்மாற்றியும் 2,000 வோல்ட் வேலை, அதைத் தொட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். 60 வோல்ட்டுக்குக் கீழேயே நிற்கச் சொல்வது இதற்காகத்தான், அதில் உங்கள் பாடமும் எதுவும் குறையாது. சார்ஜ் செய்யும்போது 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் ஒரு நிமிடத்துக்குள் தானாக வடிந்துவிடும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிப்பது வேண்டவே வேண்டாம், 12 ஜூலில் உலோகம் உருகித் தெறிக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் துருவம் மாறினால் வெடிக்கும். காயிலோடு ஊசலாடி வோல்ட்டேஜ் தலைகீழாகாதபடி கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு டயோடு தலைகீழாக இருக்கட்டும்.

குழாயின் முன்னால் பழைய துணி திணித்த அட்டைப்பெட்டி ஒன்றைச் சுடும் ஒவ்வொரு முறையும் வையுங்கள். 5.5 கிராம் இரும்பு 19 மீட்டர் வேகத்தில் ஒரு ஜூல்தான் என்றாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். கண்ணாடி உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நண்பருக்கும் வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிமருந்தால் மட்டுமின்றி வேறு எந்த வகை ஆற்றலாலும் எறிபொருளைச் செலுத்த வடிவமைக்கப்பட்டதையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. மின்சாரத்தில் ஓடுகிறது, அதனால் சட்டம் தொடாது என்று நினைக்காதீர்கள். பிடி, விசை, தோள்கட்டை வைத்துக் கையில் தூக்கும்படி கட்டவே வேண்டாம். மேசையில் திருகி நிற்கும் பலகை, மூடிய பெட்டிக்குள் முடியும் குழாய், கணினியிலிருந்து வரும் கட்டளை என்று ஆய்வுக்கூடக் கருவியாக இருக்கட்டும். தொடங்கும் முன் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பையும் 'நேர்கோட்டு ரிலக்டன்ஸ் முடுக்கி' என்றே கொடுங்கள். அதுதான் நீங்கள் கட்டுவதும்.

இப்போதைக்கு மூன்றாவது காயிலைச் சுற்ற உட்காராதீர்கள். இரண்டாவதிலிருந்து தைரிஸ்டரைக் கழற்றிவிட்டு, மாஸ்ஃபெட்டும் டயோடும் அரை ஓம் ரெசிஸ்டரும் போட்டு, திறந்திருக்கும் நேரத்தை 1.2 மில்லிசெகண்டில் தொடங்கிப் பாருங்கள். 7 மீட்டர் 12 ஐத் தாண்டினால் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். தாண்டவில்லை என்றால் காயில் மின்னோட்டத்தை ஆஸிலோஸ்கோப்பில் பிடித்து, சென்சார் சிக்னலோடு ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். துண்டு நடுவைத் தொடும்போது மின்னோட்டம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் படத்தை அனுப்பினால் அடுத்து எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.